அட்டையும் தாளும்

"இலக்கு இருக்கு தாயே. தொழில்தான் நகர மாட்டேங்குது."

சீனிராஜ் இப்படிச் சொன்னபோது அடிவாரத்து அம்மா கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சீனிராஜுக்கு வயது ஐம்பத்தெட்டு. அம்மாவுக்கு முப்பத்துநான்கு இருக்கலாம். ஆனாலும் யோசனை கேட்டு மலையடிவாரத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவரைத் தாயே என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அவர்களை அண்ணாச்சி என்பார், மதினி என்பார். கணக்குச் சரியாகப் போயிற்று.

"என்ன தொழில் அண்ணாச்சி?"

"சிவகாசியில காலண்டர் பிரஸ். தினசரிக் காலண்டர். தாள் கிழிக்கிறது."

"இலக்கு எங்கே இருக்கு?"

"மனசுல இருக்கு. கார்லயும் இருக்கு."

காரில் இருந்ததை எடுத்து வந்தார். காலண்டர் அட்டை. மேலே முருகர், பக்கத்தில் மயில். கீழே தேதித் தாள்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது: "இந்த ஆண்டு முதலிடம். மாபெரும் வளர்ச்சி. உலகத் தரம்."

"வருஷா வருஷம் தை பிறந்ததும் ஒண்ணு அடிச்சு மாட்டுவேன். பிரஸ்ல பதினோரு அட்டை வரிசையாத் தொங்குது" என்றார் சீனிராஜ். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். நல்ல கனமான அட்டை.

குடிதண்ணீர்ப் பானை திறந்து கிடந்தது. அட்டையை அதன் மேல் வைத்து மூடினார்.

சீனிராஜுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"இதை எப்பக் கிழிப்பீங்க?" என்று அம்மா கேட்டார்.

"எதை?"

"இந்த அட்டையை."

"அட்டையை யாராவது கிழிப்பாங்களா தாயே? அது வருஷம் பூரா தொங்கும். தாளைத்தான் கிழிப்பாங்க."

"அப்படியா" என்றார் அம்மா. மறுபடி பாத்திக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சீனிராஜ் பொருமினார். இத்தனை தூரம் பெட்ரோல் போட்டு வந்தது பானைக்கு மூடி கொடுக்கத்தானா?

*

பிரஸ்ஸில் பேச்சிக்கனி காத்திருந்தாள். தாள் அடுக்கிக் கம்பிப் பின் அடிக்கும் இருபத்திரண்டு பெண்களுக்கும் அவள்தான் தலைவி. பத்தொன்பது வருஷமாக அங்கே வேலை செய்கிறாள்.

"அண்ணாச்சி, மறைக்காம சொல்லிருதேன். பெரிய பிரஸ்ல எங்க எல்லாரையும் கூப்பிடுதாக. ஆடி வரைக்கும் பார்ப்போம்னு பிள்ளைகள்ட்ட சொல்லியிருக்கேன். இந்த வருஷமும் ஆர்டர் வரலைன்னா நாங்க போயிருவோம்."

"போயிட்டா நான் பிரஸ்ஸைப் பூட்ட வேண்டியதுதான்."

"அது எனக்குத் தெரியாதா? அதனாலதான் ஆடி வரைக்கும்னு சொன்னேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

அன்று முழுக்க அம்மாவின் கேள்வியை மென்றுகொண்டிருந்தார். எப்பக் கிழிப்பீங்க? சாயங்காலம் துள்ளி எழுந்தார். அட்டையில் இருப்பதைக் கிழிக்க முடியாது. தாளில் இருந்தால் கிழிக்கலாம். இவ்வளவுதானே!

ஒரு வாரத்தில் புதுக் காலண்டர் தயார். முந்நூற்று அறுபத்தைந்து தாளிலும் நல்ல நேரத்துக்கும் ராகு காலத்துக்கும் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: "இன்று முதலிடம் நோக்கி."

கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினார்.

அன்று அங்கே ஆவுடை இருந்தாள். மலையடிவாரத்தில் வெள்ளாடு மேய்க்கிறவள். கிணற்றில் தண்ணீர் குடிக்க வருவாள். ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

அம்மா முந்தின நாள் தாளைக் கிழித்து ஆவுடையிடம் கொடுத்தார். "இதை வாசிச்சு, நேத்து இது நடந்துச்சா நடக்கலையான்னு சொல்லு."

ஆவுடை வாசித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அங்கே பல்லி விழும் பலன் இருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்? என்ன நடந்தா நடந்ததுன்னு அர்த்தம்?"

"அண்ணாச்சியைக் கேளு."

ஆவுடை சீனிராஜைப் பார்த்தாள். சீனிராஜ் ஆட்டைப் பார்த்தார்.

"இவருக்கும் தெரியலை தாயே" என்றாள் ஆவுடை.

அம்மா உள்ளே போய், அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய சாதாரணக் காலண்டரை எடுத்து வந்தார். கூடவே ஒரு பேனா. இரண்டையும் சீனிராஜின் மடியில் வைத்தார்.

"ஒரு தாள் போதும் அண்ணாச்சி. ஆவுடை வாசிச்சு, நடந்துச்சா இல்லையான்னு சொல்லணும். அதுவரைக்கும் அந்த மரத்தடியில இருங்க."

*

பூவரச மரத்தடியில் உட்கார்ந்தார். எத்தனையோ வருஷமாகத் தேதி அச்சடித்து விற்கிற மனிதர், ஒரே ஒரு தேதி தேடி முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை மூன்று தடவை புரட்டினார்.

முதலில் எழுதியது: "தரமான காலண்டர் தருவோம்."

ஆவுடை வாசித்தாள். "தரம்னா? என் ஆட்டுல எது தரம்னு கேட்டா நான் ஒண்ணு சொல்லுவேன், வாங்க வாரவன் வேற ஒண்ணு சொல்லுவான்."

அதைக் கோடு போட்டு அடித்தார். "வாடிக்கையாளர் மனம் மகிழும்" என்று எழுதினார்.

"அவுக மனசுக்குள்ள நான் எப்படி எட்டிப் பார்க்க?"

சீனிராஜுக்கு எரிச்சல் மூண்டது. ஏற்றுமதி ஆசாமிகளோடெல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியவர், இங்கே ஆடு மேய்க்கிறவளிடம் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார். அடித்துவிட்டு அழுத்தி எழுதினார்: "மார்கழிக் கடைசிக்குள் இரண்டு லட்சம் காலண்டர் விற்போம்."

இந்தத் தடவை ஆவுடை உடனே உதட்டைப் பிதுக்கவில்லை. யோசித்தாள்.

"இது எண்ணிறலாம். ஆனா வாங்குறது அவுக கையில இருக்கு. வரலைன்னா ஊர் மேல பழியைப் போட்டுட்டு உட்கார்ந்துருவிய. உங்க கையில என்ன இருக்கு?"

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

என் கையில் என்ன இருக்கிறது?

சீனிராஜ் மரத்தில் சாய்ந்தார். கத்தரிப் பாத்தியில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பேச்சிக்கனியின் குரல் காதில் விழுந்தது. ஆடி வரைக்கும் பார்ப்போம்.

ஆடி.

ஆடிப்பெருக்கு அன்றுதான் சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளிவரும். எல்லா மாதிரிகளையும் சேர்த்துக் கட்டிய பெரிய புத்தகம். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் பிடிப்பார்கள். யார் ஆல்பம் முதலில் கைக்கு வருகிறதோ அவர்களுக்குத்தான் ஆர்டர்.

சீனிராஜின் ஆல்பம் எந்த வருஷமும் ஆடியில் வந்ததில்லை. புரட்டாசியில் வரும். உலகத் தரம் வேண்டுமே! முருகர் கையிலிருக்கும் வேலை மாற்றுவார், மயிலின் தோகையை மாற்றுவார், லட்சுமியின் சேலைக் கரையை மாற்றுவார். மாற்றி முடித்துக் கொண்டுபோகும்போது ஏஜெண்டுகள், "அடடா, போன மாசம் வந்திருக்கக் கூடாதா அண்ணாச்சி" என்பார்கள். பதினோரு வருஷமாக அதே பதில். அவரும் பதினோரு வருஷமாக அதைக் கெட்ட நேரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காலண்டரை எடுத்தார். ஆடி பதினெட்டாம் தாளைப் பிடித்தார். எழுதினார்.

ஆவுடை திரும்பி வந்தபோது எழுந்து நின்று நீட்டினார். அவள் எழுத்துக் கூட்டினாள்.

"இன்று என் ஆல்பம் இருநூறு ஏஜெண்டுகள் கையில் இருக்கும்."

"இருநூறா?"

"இருநூறு."

"ஒண்ணு குறைஞ்சாலும் நடக்கலைன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லு."

ஆவுடை தலையை ஆட்டினாள். "இது நடந்தா எனக்கே தெரிஞ்சிரும்."

சீனிராஜ் காலண்டரைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினார். "தாயே, கிடைச்சிருச்சு."

அம்மா வாசித்தார். கட்டை விரலால் ஆடி பதினெட்டிலிருந்து ஒரு கொத்துத் தாளைப் பின்னோக்கித் தள்ளினார். ஆனி வந்தது. வெறும் தாள்.

அதை அவர் முன்னால் நீட்டினார்.

சீனிராஜ் தாளை விரலால் அழுத்திப் பிடித்தார். பிறகு மெதுவாகப் பேனாவைத் திறந்து எழுதினார்: "ஆல்பம் பார்சல் கட்டி அனுப்பியாயிற்று."

அம்மா இன்னும் பின்னோக்கித் தள்ளினார். வைகாசி.

"அச்சு முடிந்தது."

பங்குனி. இங்கே பேனா தயங்கியது. பெருமூச்சு விட்டு எழுதினார்: "படங்கள் முடிவு. இதற்கு மேல் மாற்றம் இல்லை." அடியில் கோடும் போட்டார்.

மாசி. தை. அம்மாவின் விரல் மறுநாள் தாளில் வந்து நின்றது.

நாளைக்கு என்ன? அச்சு நேராக இருந்தாலும் தாள் கோணலாக வெட்டுப்படுகிறது. கட்டிங் மெஷின் பிளேடு மழுங்கி ஆறு மாதமாகிறது. உலகத் தரத்தைப் பற்றி யோசித்ததில் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் போயிற்று.

"பிளேடுக்குச் சாணை" என்று எழுதினார்.

எழுதியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாணை பிடிக்கிறவரு மத்தியானத்தோட கடையை அடைச்சிருவாரே!"

வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் காலண்டரோடு காரில் ஏறிப் போனார். அம்மா அவர் போன புழுதியைப் பார்த்துச் சிரித்தார்.

*

மறுநாள் மத்தியானம் பிளேடு பளபளவென்று வந்தது. சீனிராஜ் பேச்சிக்கனியைக் கூப்பிட்டு, அவள் பார்க்க அந்தத் தாளைக் கிழித்தார்.

"என்ன அண்ணாச்சி, இதுக்குப் போய் இவ்வளவு சந்தோசம்?"

"பதினோரு வருஷத்துல முதல் தடவையாக் கிழிக்கேன்" என்றார்.

பேச்சிக்கனிக்குப் புரியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவளும் காலையில் வந்ததும் அந்தக் காலண்டரைப் பார்த்தாள். எழுதியிருந்த நாளில் இருபத்திரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். தாளை யார் கிழிப்பது என்று போட்டி வந்தது.

பங்குனியில் ஓவியர் ஓடி வந்தார். "அண்ணாச்சி, மயில் கழுத்துல கொஞ்சம் பச்சை ஏத்தினா எப்படியிருக்கும் தெரியுமா?"

சீனிராஜின் கண் மின்னியது. அற்புதமாக இருக்கும். அவருக்கே தெரிந்தது. கை படத்தை நோக்கிப் போயிற்று.

"அண்ணாச்சி" என்றாள் பேச்சிக்கனி. சுவரைக் காட்டினாள்.

அடிக்கோடு போட்ட தாள்.

"மயிலு அடுத்த வருஷம் பச்சை ஏத்திக்கிடட்டும்" என்றார் சீனிராஜ். சொல்லும்போது வலிக்கத்தான் செய்தது. சொல்லி முடித்துத் தாளைக் கிழித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது.

*

ஆடிப்பெருக்கு. வெயில் சாய்கிற நேரம்.

சீனிராஜ் மலையடிவாரத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்து வந்தார். சட்டை முழுக்க வியர்வை. கையில் காலண்டர். தாள்கட்டு மெலிந்திருந்தது.

கிணற்றடியில் அம்மாவும் ஆவுடையும் நின்றார்கள்.

ஆவுடை கையை நீட்டிக் காலண்டரை வாங்கினாள். மேல் தாளை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தனை?"

"நேத்து வரைக்கும் நூத்தித் தொண்ணூத்தொன்பது. சாத்தூர்ல ஒரு பார்சல் திரும்பி வந்திருச்சு. ஏஜெண்டு வீடு மாறிட்டாரு."

"அப்ப..."

"காருக்கு டயர் போயிருச்சு. காலையில பஸ் ஏறிப் போய், நாலு தெரு விசாரிச்சு, அவரு கையிலயே கொடுத்துட்டு நேரா இங்க வாரேன். இருநூறு."

"கையில கொடுத்தியளா, வாசல்ல வச்சியளா?"

"கையில."

"அப்ப நடந்துருச்சு" என்றாள் ஆவுடை.

ஐம்பத்தெட்டு வயது மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க வெட்கப்படவும் இல்லை. தாளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கிழிந்த சத்தம் கிணற்றுக்குள் கேட்டது.

சட்டைப் பையில் போன் அடித்தது. பேச்சிக்கனி. அவள் கத்திப் பேசியது அங்கிருந்த எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, எங்க போனிய? தென்காசியிலருந்து ஆர்டர், கோவில்பட்டியிலருந்து ஆர்டர், தூத்துக்குடிக்காரரு மூணு தடவை கூப்பிட்டுட்டாரு. பிள்ளைக எல்லாம் திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு கேக்குதுக."

"பெரிய பிரஸ்ஸுக்கா?"

"நம்ம பிரஸ்ஸுக்கு அண்ணாச்சி!"

"எட்டு மணிக்கு வரச் சொல்லு." போனைச் சட்டைப் பையில் போட்டார்.

அம்மா செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அண்ணாந்து குடித்தார். தை மாதத்திலிருந்து அன்றுவரை அப்படியொரு தண்ணீர் அவர் குடித்ததில்லை.

செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பானையைப் பார்த்தார். முருகரும் மயிலும் ஈரத்தில் வெளுத்திருந்தார்கள். தங்க எழுத்து மட்டும் போகவில்லை. முதலிடம். மாபெரும் வளர்ச்சி. உலகத் தரம்.

அம்மா அட்டையை எடுத்துத் துடைத்து நீட்டினார். "உங்க இலக்கு அண்ணாச்சி. கொண்டுபோறீங்களா?"

சீனிராஜ் அப்போதே மறுநாள் தாளைப் புரட்டிப் பேனாவைத் திறந்துவிட்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"பானைக்கு மூடி வேணுமில்ல தாயே. இருக்கட்டும்."