ஓடையில் நின்ற பழைய ஜீப்

போடியில் வெற்றிலை விற்ற காமுத்தாய், 1987 ஆடியில் சொல்லக் கேட்ட கதை இது.

ஏலக்காய் வியாபாரி சிங்கத்துரை பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். "நாலு சக்கரமும் இழுக்கும்" என்று பீற்றிக்கொண்டு, சந்தைக் கூட்டம் பார்க்க அதை ஓடைக்குள் இறக்கினார். வண்டி சேற்றில் புதைந்து நின்றது. காலையில் அவர் ஹாரன் அடித்து ஓரம் விரட்டிய மாட்டுவண்டிக்காரி செவந்தியையே கூனிக்குறுகிக் கூப்பிட வேண்டியதாயிற்று.

"இழு. ஆனா மாடு இழுத்துச்சுன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது. சொன்னா உன் வண்டிக்கு இனி என் ஏலக்காய் மூட்டை கிடையாது."

"சொல்ல மாட்டாங்க முதலாளி. நீங்க இறங்கி, மாட்டுக்கு முன்னால கயித்தைப் பிடிச்சு நடங்க."

வேறு வழியின்றி நடந்தார். கரையிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏய், முதலாளியே ஜீப்பை இழுத்துட்டு வாறாருடா!" மாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சிங்கத்துரை தலை நிமிரவில்லை.

கம்பம் பக்கம் சொல்லும் முடிவு வேறு. சேற்றில் கால் வைத்ததும், ஜீப்பை விற்றவன் சொன்னது அவருக்கு நினைவு வருகிறது: முன்சக்கரங்களின் நடுவிலுள்ள குமிழைக் கையால் திருப்பினால்தான் நாலும் இழுக்கும். இப்போது திருப்பினால் தாம் மறந்தது ஊருக்கே தெரிந்துவிடும். வெட்கப்பட்டு, கயிற்றை விடாமலே கரையேறினாராம்.