இருபத்தேழின் முறை

மாறங்குறிச்சி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. இல்லை என்பவர்கள் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அதை ஆண்ட சொக்கதேவ ராஜா வாளை எடுத்தால் எதிரிகள் ஓடுவார்கள். பாட்டெழுத ஏட்டை எடுத்தால் புலவர்கள் ஓடுவார்கள். அப்பேர்ப்பட்டவரை ஒரு கிளி ஆட்டி வைத்தது.

கிளிக்குச் சொந்தக்காரன் கொடுமுடி. தினமும் உச்சிவேளையில் அரண்மனை வாசலில் பாய் விரித்து, நாற்பது ஓலை நறுக்குகளைக் கவிழ்த்துப் பரப்புவான். ஒன்று முதல் நாற்பது வரை, ஒவ்வொன்றிலும் ஓர் எண். கிளி கூண்டைவிட்டு நடந்து வந்து ஒன்றைக் கொத்தி எடுக்கும். அந்த எண்ணில் பந்தயம் கட்டியவருக்கு ஒன்றுக்கு முப்பதாகக் கிடைக்கும். மற்றவர்களுக்கு, நாளைக்குக் கிடைக்கும் என்கிற நம்பிக்கை கிடைக்கும்.

ராஜாவுக்கு அந்த நம்பிக்கை ஏராளமாகக் கிடைத்திருந்தது. அதை வைக்க இடம் வேண்டுமே என்று கஜானாவில் பாதியைக் காலி செய்துகொடுத்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் ஆஸ்தான ஜோசியர் அட்சயலிங்கம் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தார். இருபத்தேழாம் எண் நூற்றுப் பதினேழு நாளாக வரவில்லை. நட்சத்திரமும் இருபத்தேழு. ஆகவே நாளைக்கு அதன் முறை. வராமல் அதற்கு வேறு போக்கிடம் இல்லை என்றார். ஐம்பதாவது நாளும் இதையேதான் சொன்னார், எண்பதாவது நாளும் சொன்னார். அப்போதெல்லாம் வரும் என்றாராம். இப்போது வந்தே தீருமாம். வித்தியாசம் இருக்கிறதல்லவா?

ராஜா பெரிய ஏரியையே பந்தயம் கட்டுவதென்று முடிவெடுத்தார். எட்டு ஊர் வயல்களுக்கு அந்த ஏரித் தண்ணீர்தான். தோற்றால் ஏரி, மதகோடு கொடுமுடிக்குப் போய்விடும். ஜெயித்தால் முப்பது ஏரி வரும். ஒரு கூண்டும் ஒரு பாயுமாக ஊருக்குள் வந்தவனிடம் முப்பது ஏரி எங்கே இருக்கிறது என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. இருபத்தேழுக்கு எதிராக வாய் திறக்கிறவர் அன்றைக்கே நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ராஜா சொல்லிவிட்டார். அபசகுனமாம்.

பந்தய ஓலையை எழுதிவர மருதவாணருக்கு உத்தரவாயிற்று. அரண்மனையின் ஓலைகளை எல்லாம் எழுதுகிறவர் அவர்தான். எட்டு ஊரில் ஒன்று அவருடைய ஊர். அங்கே நாற்று நட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. எழுதிக் கொடுத்தால் பயிர் போகும்; கூடாது என்றால் அவர் போக வேண்டும். மனுஷர் ராத்திரி நன்றாகத் தூங்கினார். காலையில் யானைக் கொட்டாரத்துக்குப் போய்ப் பாகனிடம் ஒரு நாழிகை பேசிவிட்டுச் சபைக்கு வந்தார்.

வந்தவர் ஜோசியரைப் புகழ ஆரம்பித்தார். இப்படி ஒரு சாஸ்திரம் இருப்பது தெரியாமல் பாதி ஆயுசை வீணாக்கிவிட்டேனே என்றார். ஜோசியருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ராஜாவுக்குத்தான் லேசாகச் சந்தேகம்.

"என்ன ஓய், ஓலை எழுதியாயிற்றா?"

"எழுதிக்கொண்டே இருந்தேன் மகாராஜா. நடுவில் ஒரு பயம் வந்துவிட்டது. ஜோசியருடைய சாஸ்திரப்படி பார்த்தால், இன்றைக்கு அவருடைய முறையும் அல்லவா?"

என்ன முறை என்று ராஜா கேட்க, மருதவாணர் விவரமாகச் சொன்னார். பட்டத்து யானை கரியமாணிக்கத்துக்கு அவ்வப்போது கோபம் வரும். வந்தால் எதிரே நிற்பவரைத் தூக்கி எறியும். மந்திரியை எருக்குழியில் போட்டது. வைத்தியரைப் போட்டதில் அவருக்கே வைத்தியர் தேட வேண்டியதாயிற்று. நாட்டிய வாத்தியார் அன்றைக்கு ஆடிய மாதிரி அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடவில்லை. மருதவாணரும் ஒரு தடவை வைக்கோல் போரில் விழுந்து எழுந்தவர்தான். அரண்மனையில் பாக்கி நிற்பவர் ஒரே ஒருவர், ஜோசியர். அவரும் யானையும் ஒரே வருஷம் இங்கே வந்தவர்கள்.

"முப்பத்தொரு வருஷம் மகாராஜா. அதற்கு முன்னால் நூற்றுப் பதினேழு நாள் எம்மாத்திரம்? இன்றைக்கு யானை அவரைத் தூக்கியே தீரும். எப்படியும் தூக்கப்போகிறது, கொடுமுடியிடம் கொடுக்கிற பந்தய ஓலையை அவரே கையில் பிடித்துக்கொண்டு யானைக்கு முன்னால் நடக்கட்டும். ஒரே முகூர்த்தத்தில் இரண்டும் முடிந்துவிடும். இடுப்புக்குத் தைலம் காய்ச்சச் சொல்லியிருக்கிறேன்."

ராஜாவுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. வெளியே சங்கிலிச் சத்தம் கேட்டது. பாகன் யானையை முற்றத்துக்கே கொண்டுவந்துவிட்டான். ஜோசியர் நெற்றியில் விபூதி கரைந்து வழிய ஆரம்பித்தது.

"மகாராஜா, இது என்ன அநியாயம்? அது மிருகம். யாரைத் தூக்கினோம், யாரை விட்டோம் என்று பட்டியலா எழுதி வைத்திருக்கிறது? முப்பத்தொரு வருஷம் ஆனாலும் மூன்று நாள் ஆனாலும் அதற்கு ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் அதற்குப் புது நாள்."

மருதவாணர் பணிவாகக் கைகட்டிக்கொண்டார்.

"ஜோசியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பாகன் என்றைக்கோ அடித்த அடியை இன்னும் மறக்காத யானைக்கே பட்டியல் கிடையாது. சுண்டைக்காய் அளவு தலையை வைத்துக்கொண்டு, அந்தக் கிளி மட்டும் எப்படி ஐயா நூற்றுப் பதினேழு நாள் கணக்கு வைத்திருக்கிறது?"

ராஜா யானையைப் பார்த்தார், ஜோசியரைப் பார்த்தார், வாசலில் கொய்யாப்பழம் கொறித்துக்கொண்டிருந்த கிளியையும் பார்த்தார். வயிறு குலுங்கியது. கிரீடம் ஒரு பக்கமாகச் சரிய, அதைக் கையால் பிடித்துக்கொண்டே சிரித்தார். ஏரி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். மருதவாணருக்கு ஒரு ஜோடி உழவு மாடு தரச் சொன்னார். பிறகு ஜோசியரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பயப்படாமல் உள்ளதைச் சொல்லும். இருபத்தேழு எப்போது வரும்?"

ஜோசியர் தும்பிக்கையை ஒரு தடவை பார்த்தார்.

"தெரியாது, மகாராஜா."

மருதவாணர் சட்டென்று முன்னால் வந்து ஜோசியரைக் கும்பிட்டார்.

"முப்பத்தொரு வருஷமாக இவர் வாயில் ஒரு சரியான ஜோசியம் வராமலே இருந்தது, மகாராஜா. இன்றைக்கு வந்துவிட்டது."