பெயர் இல்லாத சொந்தம்

பாபநாசத்துக்குப் போகிற வழியில், ஆற்றை ஒட்டி ஒரு சின்ன மடம். உலகம்மை அம்மா அங்கே குரு. அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர் சீடர் குற்றாலிங்கம். மனைவி கோமதி இறந்த பிறகு வந்து சேர்ந்தவர். அம்மா அவரைப் புலவரே என்றுதான் கூப்பிடுவார். சாத்திரத்தில் எதைக் கேட்டாலும் குற்றாலிங்கம் பாட்டோடு சொல்வார்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் வரலாமா என்று நாடெல்லாம் பேச்சாக இருந்த சமயம். கூடவே கூடாது என்று சொல்ல டவுனில் சமயப் பெரியவர்கள் கூட்டம் போட்டார்கள். பேசுவதற்குக் குற்றாலிங்கத்தை அழைத்திருந்தார்கள்.

அன்று காலையில் அவர் அம்மாவிடம் திருநீறு வாங்க வந்தார்.

"நல்லாப் பேசணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா."

"யாரைப் பத்திப் பேசப் போறீங்க புலவரே?"

"யாரைப் பத்தியும் இல்லம்மா. தர்மத்தைப் பத்தி."

அம்மா திருநீற்றுத் தட்டை எடுக்குமுன் இசக்கி ஓடி வந்தார். மடத்துக்குப் பின்னால் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிற மனுஷர். அவரும் சங்கரபாண்டியும் ஒரே வீட்டில், ஒரே உலைச் சோறு சாப்பிட்டு வாழ்கிறவர்கள். மடத்து நந்தியாவட்டை எல்லாம் அவர்கள் வைத்ததுதான். சிநேகிதர்கள் என்று ஊர் சொல்லும். அதற்குமேல் ஊர் கேட்டதில்லை.

"சங்கரனுக்கு நெஞ்சுவலி சாமி. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டேன். என்னை உள்ள விட மாட்டேங்காங்க."

அம்மா குற்றாலிங்கத்தைப் பார்த்தார். "கூடப் போயிட்டு வாங்க."

"கூட்டம்..."

"கூட்டம் சாயங்காலம்தானே?"

ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. வாசலில் ஒரு நர்ஸம்மா நின்றிருந்தாள். "சிநேகிதர்னா அனுமதி இல்லைங்கய்யா. ரத்த சொந்தம், இல்லன்னா கட்டினவங்க. அதான் விதி."

இவர் சங்கரனுக்குத் தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குற்றாலிங்கத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இசக்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பின்னு சொல்லிராதீங்க சாமி. முப்பது வருஷமா தம்பி, சிநேகிதன்னே சொல்லிக்கிட்டுக் கெடக்கோம். அவன் பொழைப்பானோ மாட்டானோ. இன்னைக்காவது வேண்டாம்."

குற்றாலிங்கத்துக்குத் தன் கோமதி ஞாபகம் வந்தது. இப்படி ஒரு கதவுக்குள்தான் அவள் கிடந்தாள். நீ யார் என்று அவரை ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசி மூச்சு வரை அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மாடி," என்றார் நர்ஸம்மாவிடம். "சங்கரனோட வீட்டுக்காரர்ம்மா இவர்."

அவள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"செருப்பை இங்கேயே விட்டுட்டுப் போங்கய்யா."

மத்தியானத்துக்கு மேல் சங்கரபாண்டி கண் திறந்தார். திறந்ததும், மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் விடாமல் இங்கே என்ன வேலை என்று இசக்கியைத் திட்டினார். இசக்கி அழுதுகொண்டே சிரித்தார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த குற்றாலிங்கம் வெளியே வந்து கூட்டத்துக்காரர்களுக்குப் போன் போட்டார். தொண்டை கட்டிவிட்டது, வர முடியாது என்றார்.

மடத்துக்குத் திரும்பியதும் நடந்ததை எல்லாம் அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தூணோரமாக உட்கார்ந்தார்.

"வாய் தவறி வந்த வார்த்தை இல்லம்மா. தெரிஞ்சேதான் சொன்னேன். ஆனா நான் படிச்ச எதுலயும் அது இல்லையே. கடவுளுக்கு இது சம்மதமா?"

"உள்ளேதானே இருக்கார். போய்க் கேளுங்க."

குற்றாலிங்கம் சந்நிதிக்குப் போனார். வெகுநேரம் நின்றார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தார்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை."

அம்மா அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் செம்பை வாங்கி வைத்தார்.

"உங்க கல்யாணத்துக்கு முந்தியும் கோயிலுக்குப் போயிருப்பீங்களே. அன்னைக்குக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அன்னைக்கும் ஒண்ணும் சொல்லலை."

"அப்போ யார்கிட்ட சம்மதம் கேட்டுத் தாலி கட்டினீங்க புலவரே?"

"கோமதிகிட்ட," என்றார் குற்றாலிங்கம்.