சாமி சுமந்து வந்த தண்ணீர்

மடத்துச் சாமியிடம் சீடராகச் சேர்ந்தபோது சென்னியப்பன் ஐம்பதைத் தாண்டியிருந்தார். சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் எதைத் தொடங்குவதென்றாலும் சென்னியப்பன் சாமியைக் கேட்டுத்தான் தொடங்குவார். கேட்டபின் தன் இஷ்டப்படி செய்வார் என்பது வேறு விஷயம்.

ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு பட்டறை. முரட்டுத் துணியாக வருவதைக் கெமிக்கல் தண்ணீரில் முக்கி எடுத்து, தொட்டால் வழுக்கும்படி, துவைத்தால் சுருங்காதபடி செய்து அனுப்புவார்கள்.

"புது மிஷின் வந்திருக்குதுங்க. வெள்ளிக்கிழமை பூஜை. சாமி வந்து தீர்த்தம் தெளிக்கோணும்," என்று அழைத்தவர் கிளம்பாமல் நின்றார்.

"இன்னும் என்ன?"

"மனசு ஒரு பக்கம் உறுத்துதுங்க சாமி. புது மிஷின் கழிக்கிற தண்ணிய நம்ம சுத்திகரிப்புத் தொட்டி தாங்காது. மிச்சத்த ஆத்துல விடக் குழாய் போட்டுட்டேன். பூஜை முடிஞ்சதும் தெறக்கோணும். எல்லாரும்தான் விடறாங்க. நான் ஒருத்தன் நிறுத்துனா ஆறு தெளிஞ்சுருமுங்களா?"

இதே இடத்தில் நின்று இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுடைய மிஷின்களுக்கும் சாமிதான் தீர்த்தம் தெளித்தார். நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

"வர்றேன், போங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை சாமி நடந்தே வந்தார். தோளில் ஒரு குடம். மேல்மூச்சு வாங்கியது. சென்னியப்பன் ஓடிப்போய்க் குடத்தை இறக்கினார்.

"காவேரித் தண்ணிங்களா சாமி?"

"உங்க பட்டறைக்குப் பின்னால ஓடுதே, அது."

சாமி மாவிலையைக் குடத்தில் நனைத்து மிஷினை நோக்கிக் கையை ஓங்கினார். சென்னியப்பன் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"மிஷின் மேல வேண்டாமுங்க. துரு புடிச்சுரும். நாங்களே லாரித் தண்ணிதான் வாங்கி ஓட்டறோம்."

சாமி துணி அடுக்கின் பக்கம் திரும்பினார்.

"ஐயோ, ஏற்றுமதித் துணிங்க. ஒரு சொட்டுப் பட்டாலும் கறையாயிரும். அப்படியே திருப்பி அனுப்பிருவாங்க."

சாமி பூஜைக்கு வந்தவர்கள் பக்கம் திரும்பினார். சென்னியப்பனின் மனைவி பேத்தியைச் சட்டென்று இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"கொழந்தைக்கு ஆகாதுங்க சாமி. மேலெல்லாம் தடிச்சுரும்."

"வாசல்ல தெளிக்கட்டுமா?"

"வேப்பங்கன்னு இப்பத்தானுங்க துளிர் விட்டிருக்குது," என்றார் சென்னியப்பன். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

சாமி குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான். சுவரோரம் குழாயைத் திறக்க வேண்டிய ஆள் வால்வின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தான்.

"இந்த ஒரு குடத்த ஊத்தறதுக்கு ஒரு எடம் காட்டுங்க. ஊத்திட்டு நான் போறேன்," என்றார் சாமி.

சென்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். பட்டறை முழுவதும் அவருடையதுதான்.

"ஆத்துலயே ஊத்திருங்க சாமி."

"அங்கிருந்துதானே தூக்கிட்டு வர்றேன்."

வால்வைப் பிடித்திருந்தவன் பொறுக்காமல் கேட்டான்.

"தெறந்துரட்டுங்களா, மொதலாளி?"

சென்னியப்பன் வாயைத் திறக்கவில்லை.