அறுபத்தைந்து பாயின்ட் வித்தியாசம்

வேலாயுதம் சார் வீட்டுக் கேட்டைத் திறக்கும்போதே ரெஜினா பொரிந்து தள்ள ஆரம்பித்துவிட்டாள்.

"இது என்ன கணக்கு சார்?"

அவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பேஸ்கெட்பால் சொல்லிக்கொடுத்தவர். இப்போது அவள் ஒரு அரசு மகளிர் கல்லூரியின் கோச். பல்கலைக்கழகம் டீம்களை வரிசைப்படுத்துகிற ஃபார்முலாவை எழுதியவரும் அவரேதான்.

"பத்து மேட்ச் ஆடினோம். பத்தும் பெரிய டீமோட. ஆறு ஜெயிச்சோம், நாலு தோத்தோம், எல்லாமே ரெண்டு மூணு பாயின்ட்ல. நாங்க அஞ்சாவது. சின்னச் சின்ன காலேஜா தேடிப்பிடிச்சு எண்பது தொண்ணூறு பாயின்ட் வித்தியாசத்துல அடிச்சவங்க முதலிடம். வித்தியாசத்தை மட்டும் கூட்டுற உங்க ஃபார்முலாவுல யாரை ஜெயிச்சோம்கிறதுக்கு இடமே இல்லையா?"

"இல்ல."

"அது சரியா சார்?"

முதல் நான்கு டீம்கள்தான் மாநிலப் போட்டிக்குப் போகும். அவளிடம் ஆடுகிறவர்களில் மூன்று பேருக்கு இது கடைசி வருஷம். அங்கே ஆடிய சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எழுதலாம் என்று காத்திருந்தார்கள்.

சார் ஒரு பேப்பரை எடுத்து எதையோ கூட்டினார்.

"நாளைக்குக் கடைசி ஆட்டம் யாரோட?"

"மலையடிவாரத்துல ஒரு காலேஜ். இந்த வருஷம்தான் டீமே ஆரம்பிச்சிருக்காங்க."

"அறுபத்தஞ்சு பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிச்சா நீ நாலாவது."

"சார்..."

"நானும் வரேன்."

மறுநாள் பல்கலைக்கழக மைதானத்தில் அந்த மலையடிவாரக் காலேஜ் பெண்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். புது ஜெர்சியில் மடிப்புக்கூடக் கலையவில்லை. அவர்களைக் கூட்டி வந்த சுந்தரவல்லி கணக்கு லெக்சரர். கோச் கிடைக்காததால் தானே பழக்குகிறாராம்.

பாதி ஆட்டத்தில் முப்பத்தெட்டுக்கு மூன்று. ரெஜினா தன் நல்ல ஆட்டக்காரர்கள் ஐந்து பேரையும் வெளியே உட்காரவைத்தாள். மூன்றாவது கால்பகுதி முடிந்தபோது ஐம்பத்தொன்றுக்கு ஐந்து.

பின்வரிசையில் இருந்த சாரிடம் போனாள்.

"என்ன சார் செய்ய?"

"இன்னும் பத்தொன்பது."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்த அந்த மூன்று பெண்கள் பார்த்தார்கள்.

"போங்க," என்றாள் ரெஜினா. ஐந்து பேரும் உள்ளே ஓடினார்கள்.

எதிர் டீமில் ஏழாம் நம்பர் போட்ட ஒல்லிப் பெண்தான் பந்தைக் கொண்டுவர வேண்டியவள். பாதிக்கோட்டைத் தாண்டுமுன் ஒவ்வொரு முறையும் அவள் கையிலிருந்து பந்தைப் பறித்தார்கள். முதலில் நாக்கைக் கடித்துச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும்போது தோழி போட்ட பந்தைப் பிடிக்காமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பந்து வெளியே உருண்டது.

"விடாதீங்க, விடாதீங்க!" என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். தொண்டை கமறியபோதுதான் அது தன் குரல் என்று ரெஜினாவுக்குத் தெரிந்தது.

எழுபத்தேழுக்குப் பத்து.

சுந்தரவல்லி வந்து கை கொடுத்தார். "ரொம்ப நன்றி மேடம். உங்களை மாதிரி டீம் எங்களோட ஆட வந்ததே பெருசு. ரெண்டு வாரமா பிள்ளைங்களுக்கு இதே பேச்சுதான்."

"நல்லா ஆடினாங்க," என்றாள் ரெஜினா.

வேனில் ஏறப்போன ஏழாம் நம்பர் திரும்பி அவளை ஒரு முறை பார்த்துவிட்டு ஏறினாள்.

மைதானம் காலியானது. ரெஜினா சார் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நேத்து சரியான்னு கேட்டேன். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்படி ஆட வச்சிருக்க வேண்டாம் சார்."

"நான் கூட்டித்தான் சொன்னேன். போங்கன்னு சொன்னது நீ."

அவளுக்கு முகம் எரிந்தது.

"தப்புன்னு தெரியுதில்ல, மாத்தச் சொல்லுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். பல்கலைக்கழக விளையாட்டுக் குழுவுக்கு எழுதியது. இருபதுக்கு மேற்பட்ட வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த வருஷத்திலிருந்தே. தேதி போன மாதத்தது.

"நான் மட்டும் எழுதினா எடுத்துக்க மாட்டாங்க. கோச் ஒருத்தரும் கையெழுத்துப் போடணும்."

பேனாவை நீட்டினார்.

ரெஜினா மனசுக்குள் கூட்டினாள். இன்றைய ஆட்டத்துக்கு இருபதுதான் வரும். மற்றவர்களுக்கும் குறையும்; ஆனாலும் சின்ன டீம்களை ஜெயித்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர்களுக்கு இருபது இருக்கும். மறுபடி அஞ்சாவது. கேட்டுக்கு வெளியே காலேஜ் பஸ்ஸில் அவளுடைய பெண்கள் சீட்டைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று பேரின் குரல்களும் தனித்தனியாக அவளுக்குக் கேட்டன.

பேனாவை வாங்கினாள். மூடியைத் திறக்கவில்லை.

"இதை நேத்தே கொடுத்திருந்தா உடனே போட்டிருப்பேன் சார்."

"தெரியும்," என்றார் அவர். "அதனாலதான் நேத்து கொடுக்கல."