தானே அணைந்த பதினோரு கம்ப்யூட்டர்கள்

தகரக் கூரைக்குக் கீழே முப்பது கம்ப்யூட்டர்கள் ஓடும் ஆபீஸ் அது. ஒவ்வொன்றின் சூட்டையும் ஃபேன் வேகத்தையும் மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுவது அஞ்சலையின் வேலை. மே மாத மத்தியானம் ஒன்றில், டைப் அடித்துக்கொண்டிருந்த கற்பகம் மயங்கி விழுந்து செத்துப்போனாள்.

தொழிலாளர் ஆய்வாளர் விசாரிக்க வருமுன் முதலாளி சந்திரமௌலி அந்த நோட்டை எரித்துவிட்டார். "ரூம் ஜில்லுன்னு இருந்துச்சுன்னு சொல்லு. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது" என்று அஞ்சலையை மிரட்டியும் வைத்தார்.

ஆய்வாளர் கேட்டதும் அஞ்சலை பணிவாகச் சொன்னாள்: "ரூம் ஜில்லுன்னுதான் இருந்துச்சு ஐயா. ஆனா கற்பகம் விழுந்த நேரத்துல பதினோரு கம்ப்யூட்டர் தானா அணைஞ்சுபோச்சு. முதலாளி வாங்கினது மட்டமான சரக்கு."

கம்ப்யூட்டர்களைப் பற்றிப் பெருமையடிக்காமல் ஒரு நாளும் இருக்காத சந்திரமௌலிக்குச் சுருக்கென்றது.

"எது மட்டம்? எல்லாம் முதல் தரம். ஃபேன் முழு வேகத்துல சுத்தியும் தாங்க முடியாத சூடு. அதான் அணைஞ்சுது."

சொன்ன பிறகுதான் தான் உளறிவிட்டது அவருக்கு உறைத்தது. ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்.

"சூடு தாங்கலைன்னா மெஷின் அணைஞ்சுக்கும் ஐயா," என்றாள் அஞ்சலை. "கற்பகம் வெளியே போகணும்னு ரெண்டு தரம் கேட்டா. இவர் விடலை."