மேடையில் சொல்லாத குறை

கணக்கு மென்பொருள் வாங்கியவர்களுக்கெல்லாம் சென்னையில் பெரிய மாநாடு. தூத்துக்குடி உப்புக் கம்பெனியிலிருந்து பேச வந்த ஜெசிந்தா, ஊரே கொள்ளும் அந்த அரங்கத்தைப் பார்த்து மலைத்துப்போனாள். அந்த மென்பொருளில் கூட்டுத்தொகை தப்பாக வருகிறது என்று சொல்லத்தான் வந்திருந்தாள்.

விஷயம் தெரிந்த மென்பொருள் நிறுவனத் தலைவர் மேடைப் படியருகே அவளைத் தடுத்தார். "உங்க வாயிலிருந்து ஒரு குறை வந்தாலும் மைக்கை அணைச்சிடுவோம்."

"என் வாயிலிருந்து வராது சார்."

மேடையேறி வணக்கம் சொன்னாள். "இதுல ரிப்போர்ட் எடுத்த பிறகு, நம்பிக்கையில்லாம எக்செல்ல போட்டு மறுபடி கூட்டிப் பார்க்கிறவங்க கொஞ்சம் கை தூக்குங்க."

அரங்கம் முழுக்கக் கைகள் அலையாக எழுந்தன. தலைவர் ஆதரவு தேடி முதல் வரிசையைப் பார்த்தார். அங்கே அவருடைய நிறுவனத்தின் கணக்கு மேலாளரும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.